பிளாஸ்மாவின் ஓரத்தில் நடக்கும் கொந்தளிப்பை எப்படி அளக்கிறார்கள்?

வாசகர் கேள்வி – அறிவியல் பதில்

கேள்வி: டோக்கமாக் கருவிக்குள் பிளாஸ்மாவின் வெப்பநிலை பத்துக் கோடி டிகிரியைத் தாண்டும் என்று படித்தேன். அதே கருவிக்குள் உலோகக் கம்பியை நுழைத்து அளவெடுக்கிறார்கள் என்று வேறோரிடத்தில் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?
— பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் உண்மைதான். பத்துக் கோடி டிகிரி என்பது நடுப்பகுதியின் கணக்கு; கம்பி நுழைவது ஓரத்தில். பிளாஸ்மா என்பது அணுக்கள் எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் பிரிந்துபோன சூடான வாயு. அணுக்கரு இணைவு ஆய்வுக்காக அதை அடைத்து வைக்கும் டோக்கமாக் என்பது நடுவில் துளையுள்ள உளுந்து வடையைப் போன்ற வடிவில் அமைந்த வெற்றிடப் பாத்திரம். அதைச் சுற்றியுள்ள காந்தச் சுருள்களும் பிளாஸ்மாவுக்குள் ஓடும் மின்னோட்டமும் சேர்ந்து உருவாக்கும் காந்தக்கோடுகள், அந்த வடையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அடுக்குகளாகின்றன. எலக்ட்ரான்களும் அயனிகளும் இந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருளாக ஓடுவதால் எளிதில் வெளியே வர முடிவதில்லை. நடுவிலிருந்து சுவரை நோக்கி வர வர வெப்பநிலை விழுந்துகொண்டே வரும். காந்தக்கோடுகள் தமக்குள் மூடியிருக்கும் கடைசி அடுக்கைத் தாண்டினால், கோடுகள் ஏதோ ஒரு தகட்டில் போய் முட்டும் பகுதி தொடங்குகிறது. அங்கே வெப்பநிலை 10 முதல் 100 எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் ஏறக்குறைய 11,600 டிகிரிக்குச் சமம் என்பதால், ஓரத்தின் வெப்பநிலை ஒரு லட்சம் டிகிரியிலிருந்து பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வரை என்று கொள்ளலாம்.

அதுவும் எந்த உலோகத்தையும் ஆவியாக்கப் போதுமான அளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடானது. ஆனாலும் அது கையில் பட்டால் சுருக்கென்று குத்துவதோடு சரி, ஏனென்றால் அந்தப் பொறியில் உள்ள பொருள் மிகக் குறைவு. ஓரத்துப் பிளாஸ்மாவும் அப்படித்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அங்கே இருக்கும் துகள்கள் இருபது லட்சத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு கோடியில் ஒரு பங்கு வரைதான். 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் டங்ஸ்டன் கம்பி சிறிய கருவிகளின் ஓரத்தில் நிலையாகவே நிற்க முடியும். பெரிய கருவிகளில் அது முடியாது. அங்கே அழுத்தக் காற்றால் இயங்கும் ஒரு தண்டின் நுனியில் கம்பியைப் பொருத்தி, பத்தில் ஒரு விநாடி அளவுக்குள் உள்ளே அனுப்பி வெளியே இழுத்துவிடுகிறார்கள். கம்பி சூடேறி உருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். சற்று ஆழமாகப் போய்விட்டாலோ, திரும்ப வரச் சற்றுத் தாமதமானாலோ நுனி உருகி உருண்டைப் பிடித்து வருவதும் உண்டு.

கேள்வி: பிளாஸ்மாவில் "கொந்தளிப்பு" என்றால் என்ன? சராசரி அடர்த்தியும் சராசரி வெப்பநிலையும் தெரிந்தால் போதாதா?
— கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: போதாது. ஏன் போதாது என்பதில்தான் இந்தத் துறையே நிற்கிறது.

துகள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிறிது சிறிதாக விலகுவதால் மட்டுமே பிளாஸ்மா தன் வெப்பத்தை இழக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் வரும் இழப்பைவிட, கருவிகளில் உண்மையில் காணப்படும் இழப்பு மிக அதிகம். எலக்ட்ரான்கள் வழியாகப் போகும் வெப்பத்தைப் பொறுத்தவரை அது பத்து மடங்காகவும் சில நிலைகளில் நூறு மடங்காகவும் இருந்தது. மிச்சத்தைக் கொண்டுபோவது கொந்தளிப்பு. அடுப்பில் ஏற்றிய உலைநீர் கொதிக்கும்போது வெப்பம் நீரின் வழியே மெல்லக் கடத்தப்படுவதற்குக் காத்திருக்காமல் நீரே புரண்டு மேலே வருகிறதல்லவா, அதுபோல வெப்பமும் அடர்த்தியும் சரியும் இடத்தில் பிளாஸ்மாவே சுழல்களாகப் புரண்டு வெளியேறுகிறது.

நடுப்பகுதியில் அடர்த்தியின் ஏற்ற இறக்கம் சராசரியில் ஒரு விழுக்காடு அளவுதான் இருக்கும். ஓரத்தை நெருங்கும்போது அது பத்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. கடைசி மூடிய அடுக்குக்கு வெளியே ஐம்பது விழுக்காடு, சில இடங்களில் சராசரிக்குச் சமமான அளவே மேலும் கீழும் ஆடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் சராசரியை மட்டும் சொல்வது, ஆற்றில் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று சொல்லி ஒருவரை இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டம் மேலும் கீழும் சமமாக நடப்பதில்லை. ஓரத்தில் வைத்த ஆய்வுமுனையின் (அதாவது, முன்பு சொன்ன கம்பியின்) பதிவைத் திரையில் விரித்துப் பார்த்தால், நெடுநேரம் தாழ்ந்து கிடக்கும் கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக இறங்கும். பிறகு மீண்டும் தாழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு எழுச்சியும் சில பத்து மைக்ரோ விநாடிதான் நீடிக்கும். ஒவ்வொன்றும், காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலமும், காந்தக்கோட்டின் நெடுகே சில மீட்டர் நீளமும் கொண்ட, கயிறு போன்ற ஒரு பிளாஸ்மாத் திரள் ஆய்வுமுனையைக் கடந்துபோனதன் தடம். வடையின் வெளிப்புறத்தில் காந்தப்புலம் வலுக் குறைந்துகொண்டே போவதால், அந்தத் திரளுக்குள் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் அயனிகள் எதிர்ப்பக்கமும் நகர்ந்து, மேலும் கீழுமாக மின்னேற்றம் பிரிகிறது. அதனால் பிறக்கும் மின்புலமும் கருவியின் காந்தப்புலமும் சேர்ந்து திரள் முழுவதையும் சுவரை நோக்கித் தள்ளுகின்றன. விநாடிக்குச் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரை அதன் வேகம் அமையும். இந்த விளக்கத்தை 2001இல் கிராஷெனின்னிகோவ் முன்வைத்தார். சுவரில் படும் துகள்களில் பெரும்பங்கு இப்படி எப்போதாவது வரும் திரள்களில்தான் வருகிறது என்றால், நாம் அளக்க வேண்டியது சராசரியை அல்ல, அந்த "எப்போதாவது" என்பதைத்தான்.

கேள்வி: ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துக்கொண்டு, பிளாஸ்மா எவ்வளவு வெளியேறுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?
— மின் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு கம்பியால் முடியாது, குறைந்தது மூன்று வேண்டும். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தைப் பலரும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

இந்தக் கம்பிக்கு லாங்மியூர் ஆய்வுமுனை என்று பெயர். "பிளாஸ்மா" என்ற சொல்லை இத்துறைக்குத் தந்த இர்விங் லாங்மியூர் 1920களில் இதை உருவாக்கினார். அரை மில்லிமீட்டர் அல்லது ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள டங்ஸ்டன் கம்பி, ஒரு பீங்கான் குழலிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கருவி என்று சொல்ல அவ்வளவுதான். அதற்கு நூறு, இருநூறு வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் விரட்டப்பட்டு அயனிகள் மட்டும் வந்து சேரும். ஒரு கட்டத்துக்கு மேல் மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் மின்னோட்டம் கூடாது. அந்தத் தெவிட்டிய மின்னோட்டம் பிளாஸ்மாவின் அடர்த்தியைச் சொல்லும். மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல் கம்பியை அப்படியே மிதக்கவிட்டால், அது தானே ஒரு மின்னழுத்தத்துக்கு வந்து நிற்கும். அதைக் கொண்டு பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தை மதிப்பிடலாம்.

இப்போது மூன்று கம்பிகளைக் கொள்ளுங்கள். நடுக்கம்பி அடர்த்தியைப் பதிவு செய்யட்டும். அதற்கு மேலும் கீழும், ஒன்றுக்கொன்று ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் மிதக்கும் இரு கம்பிகள் மின்னழுத்தத்தைப் பதிவு செய்யட்டும். ஒரு கணத்தில் அவ்விரண்டுக்கும் இடையே ஐந்து வோல்ட் வேறுபாடு இருந்தால், மின்புலம் மீட்டருக்கு 1,000 வோல்ட். காந்தப்புலம் ஒரு டெஸ்லா என்றால் பிளாஸ்மா அந்தக் கணத்தில் விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேயோ உள்ளேயோ நகர்கிறது. ஒவ்வொரு கணத்திலும் அடர்த்தியின் ஏற்ற இறக்கத்தை இந்த வேகத்தால் பெருக்கி, நெடுநேரத்துக்குச் சராசரி எடுத்தால் கிடைப்பதே வெளியேற்றம்.

கோயில் வாசலில் இரு பக்கமும் ஆடும் கதவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு வெளிப்பக்கம் ஆடும் அளவுக்கே உள்பக்கமும் ஆடுகிறது. ஆக அதன் சராசரி அசைவு சுழியம். ஆனாலும், கூட்டம் நெருக்கும் நேரத்தில் கதவு வெளியே திறந்து, கூட்டம் கலைந்த நேரத்தில் உள்ளே திறந்தால், நிறையப் பேர் வெளியே போயிருப்பார்கள். கூட்டமும் கதவும் ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாமல் ஆடினால், எவ்வளவு வேகமாக ஆடினாலும் நிகர வெளியேற்றம் இராது. அடர்த்தியும் வேகமும் எவ்வளவு ஆடுகின்றன என்பதைவிட, அவை சேர்ந்து ஆடுகின்றனவா என்பதே முக்கியம். பொறியாளரான உங்களுக்குப் பழகிய சொல்லில் சொன்னால், மாறுமின்னோட்டத்தில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலுள்ள கட்ட வேறுபாட்டை ஒத்தது இது. திறன் காரணியைப் பார்க்காமல் மின்திறனைச் சொல்ல முடியாதல்லவா?

இந்தக் கட்ட வேறுபாட்டைச் சரியாகப் பிடிப்பதில்தான் எல்லாச் சிரமமும் இருக்கிறது. என் ஆய்வு மாணவப் பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மிதக்கும் ஆய்வுமுனையை 10 கிலோ ஓம் மின்தடையோடு இணைத்து, அதிலிருந்து பத்து மீட்டர் கேபிள் வழியாகப் பதிவுக் கருவிக்குக் கொண்டுபோயிருந்தோம். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் 15 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டியதும் அழகாக விழுந்தது. அது பிளாஸ்மாவின் இயல்பு என்று நம்பி, பல நாள் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு மாலை, பிளாஸ்மா இல்லாமல் ஒரு சைகை இயற்றியை ஆய்வுமுனையின் நுனியில் தொடுத்துப் பார்த்தபோது அதே இடத்தில் அதே வீழ்ச்சி வந்தது. அந்தக் கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு நூறு பிக்கோ ஃபாரட். பத்து மீட்டருக்கு ஆயிரம். 10 கிலோ ஓமோடு சேர்ந்து அது 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டிக்கொண்டிருந்தது. வீச்சைக் குறைத்தது மட்டுமல்ல, கட்டத்தையும் தள்ளிவிட்டிருந்தது. ஆகவே அதுவரை நாங்கள் கணக்கிட்ட வெளியேற்றம் அனைத்தும் தவறு. அன்றிலிருந்து, ஓரத்துக் கொந்தளிப்பு நூற்றுக்கணக்கான கிலோ ஹெர்ட்ஸ் வரை நீளும் என்பதையும், விநாடிக்குப் பத்து லட்சம் முறையாவது பதிவு செய்ய வேண்டும் என்பதையும், அதற்கு முன் கேபிளைச் சோதிக்க வேண்டும் என்பதையும் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

மிதக்கும் கம்பி காட்டுவது பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தையே அல்ல என்பது அடுத்த சிக்கல். எலக்ட்ரான்கள் வேகமாக வந்து சேர்வதால், கம்பி பிளாஸ்மாவைவிட எலக்ட்ரான் வெப்பநிலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கீழே மிதக்கும். வெப்பநிலை நிலையாக இருந்தால் கவலையில்லை. ஆனால் அதுவும் கொந்தளிக்கிறது. இதற்குப் பிராகில் கேஸ்டர் டோக்கமாக்கில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. பந்துமுனைப் பேனாவைப் போல, உலோக நுனியைப் பீங்கான் குழலுக்குள் சற்று உள்ளே இழுத்து வைத்துவிட்டார்கள். எலக்ட்ரான்கள் காந்தக்கோட்டை மிக நெருக்கமாகச் சுற்றுவதால் குழலுக்குள் எளிதில் நுழைய முடியாது. அகலமாகச் சுற்றும் அயனிகளால் முடியும். இரண்டின் வரவும் சமமாகும் ஆழத்தில் நுனியை வைத்தால், அது பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தையே ஏறக்குறைய நேரடியாகக் காட்டுகிறது.

கேள்வி: தொடாமலே பார்க்க வழி இல்லையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. அவற்றுள் கண்ணுக்கு நேரே காட்டுவது, வாயுவை ஊதிப் படமெடுக்கும் முறை. ஓரத்தில் ஒரு சிறு துளை வழியாகச் சிறிதளவு டியூட்டீரியத்தையோ (கன ஹைட்ரஜன்) ஹீலியத்தையோ ஊதுகிறார்கள். அந்த வாயுவின் அணுக்களைப் பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் தாக்கி ஒளிரச் செய்கின்றன. டியூட்டீரியம் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாகவும், ஹீலியம் 588 நானோமீட்டரில் மஞ்சளாகவும் ஒளிரும். பிளாஸ்மா அடர்ந்த இடத்தில் ஒளி கூடும். திரள்கள் காந்தக்கோட்டின் நெடுகே நீண்டிருப்பதால், கேமராவைக் கோட்டின் திசையிலேயே நோக்க வைக்க வேண்டும்; விறகுக் கட்டைப் பக்கவாட்டில் பார்க்காமல் வெட்டுமுகத்தில் பார்ப்பதைப் போல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஆல்கேட்டர் சி-மாட் கருவியிலும் பிரின்ஸ்டனின் என்.எஸ்.டி.எக்ஸ். கருவியிலும் ஸ்டீவர்ட் ஸ்வெபனும் அவருடைய குழுவினரும் விநாடிக்குச் சுமார் 4 லட்சம் படங்கள் எடுக்கும் கேமராக்களைக் கொண்டு இதைச் செய்தார்கள். படத்துக்குப் படம் இரண்டரை மைக்ரோ விநாடிதான் இடைவெளி. அந்தப் படங்களை மெதுவாக ஓடவிட்டால், ஓரத்திலிருந்து ஒரு திரள் பிதுங்கி, கழுத்து மெலிந்து, அறுந்து, தனியாகச் சுவரை நோக்கிப் போவதைக் காணலாம். இதே ஸ்வெபன் 1985இல் கால்டெக்கின் சிறிய டோக்கமாக்கில் 64 ஆய்வுமுனைகளைச் சதுரமாக அடுக்கி இந்த உருவங்களைத் தேடியவர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒளியின் அளவு அடர்த்தியை மட்டுமல்லாமல் வெப்பநிலையையும், அந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் வாயுவின் அளவையும் சார்ந்தது; முன்னால் நிற்கும் திரள் வாயுவைத் தின்றுவிட்டால் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். வாயு ஆழமாக நுழைவதற்குள் அயனியாகிவிடுவதால் ஓரத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. ஆழமாகப் பார்க்க, வேகமான நடுநிலை அணுக்களின் கற்றையைச் செலுத்தி அதன் ஒளியை அளக்கிறார்கள். நுண்ணலையை அனுப்பி, குறிப்பிட்ட அடர்த்தியில் அது பட்டுத் திரும்புவதை அளக்கும் முறையும் உண்டு. திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றம் சுழல்களின் வேகத்தைச் சொல்லிவிடும். ஆனால் இவை எதுவும் வெளியேற்றத்தை நேரடியாகத் தருவதில்லை. ஆகவே, ஒரே காந்தக்கோட்டில் ஒரு முனையில் கேமராவும் மறுமுனையில் ஆய்வுமுனையும் அமையும்படி வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஒப்பீடு இல்லாத முடிவை நான் பாதி முடிவாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: இதில் இந்தியாவின் பங்கு ஏதேனும் உண்டா?
— மாணவர், மதுரை

பதில்: உண்டு, அதுவும் தொடக்கத்திலேயே. குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்நாட்டிலேயே கட்டப்பட்ட ஆதித்யா டோக்கமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. வளையத்தின் ஆரம் 75 சென்டிமீட்டர், பிளாஸ்மாக் குழலின் ஆரம் 25 சென்டிமீட்டர். உலக அளவில் சிறிய கருவிதான். அதன் ஓரத்தில் லாங்மியூர் ஆய்வுமுனைகளை வைத்து ஜா, பிரதிமன் காவ் முதலியோர் எடுத்த அளவீடுகள் 1992இல் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளிவந்தன. ஏற்ற இறக்கங்கள் மணி வடிவப் பரவலில் அடங்கவில்லை, பெரிய எழுச்சிகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகின்றன, அதாவது கொந்தளிப்பு விட்டுவிட்டு வெடிக்கும் இயல்புடையது என்று அந்தக் கட்டுரை காட்டியது. திரள்களுக்கான விளக்கம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அது. ஓரத்தை ஆராய மாபெரும் கருவிதான் வேண்டும் என்பதில்லை என்பதற்கு மாணவர்களிடம் நான் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

கேள்வி: கொந்தளிப்பு முழுவதும் தீமைதானா? அதை நிறுத்திவிட முடியாதா?
— வாசகி, சென்னை

பதில்: ஓரளவு நிறுத்த முடியும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1982இல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் கருவியில் வெப்பமூட்டும் திறனைக் கூட்டிக்கொண்டே போனபோது, பிளாஸ்மா திடீரென்று வேறொரு நிலைக்குத் தாவி வெப்பத்தை ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தக்கவைத்தது. ஃபிரிட்ஸ் வாக்னர் கண்ட இந்த நிலையில், ஓரத்தின் சில சென்டிமீட்டர் தடிமனுக்குள் பிளாஸ்மா அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடி, சுழல்களை இழுத்துக் கிழித்துவிடுகிறது. தாவல் நடக்கும் கணத்தில், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் கொந்தளிப்பு அடங்குவதை அளவீடுகள் காட்டின.

ஆனால் அடங்கிய கொந்தளிப்புக்கு ஒரு விலை உண்டு. ஓரத்தில் வெப்பம் பரவாமல் மெல்லிய பட்டையாக டைவர்ட்டர் தகடுகளில், அதாவது வெளியேறும் பிளாஸ்மாவை வாங்கிக்கொள்ளப் பாத்திரத்துக்குள் வைத்திருக்கும் தகடுகளில், போய் இறங்கும். பல கருவிகளின் அளவீடுகளைத் தொகுத்து 2013இல் தாமஸ் ஐக் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட விதியின்படி, பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் கருவியில் அந்தப் பட்டையின் அகலம், பிளாஸ்மாவின் நடுவுயரத்தில் கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஈட்டரின் டங்ஸ்டன் தகடுகள் சதுர மீட்டருக்கு 10 மெகாவாட்டைத் தொடர்ந்து தாங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளன; சூரியனின் மேற்பரப்பு வெளியிடுவதே 63 மெகாவாட்தான் என்பதை வைத்து இதன் கடுமையை உணரலாம். பெரிய கருவியில் ஓரத்துக் கொந்தளிப்பின் தன்மை மாறி, பட்டை பல மடங்கு அகலமாகும் என்று சில கணினிக் கணக்கீடுகள் சொல்கின்றன. அப்படியானால், உள்ளே நாம் அடக்க விரும்பும் கொந்தளிப்பையே வெளியே வரவேற்க வேண்டியிருக்கும். ஒரு மில்லிமீட்டரா, ஐந்தா என்பதற்கான விடை, ஈட்டர் முழுத் திறனில் இயங்கிய பிறகு, அதன் டைவர்ட்டரில் பதிக்கப்படும் லாங்மியூர் ஆய்வுமுனைகளிலும் தகடுகளை நோக்கும் அகச்சிவப்புக் கேமராக்களிலும்தான் கிடைக்கும்.